பல்லில் இல்லாத வலி

என் குட்டிக்கு,

நீ என் பல்லை அடைத்த மூன்றாம் நாள் என் கன்னத்தில் மின்னல் வெட்டியது. உன் ஊசி நரம்பில் பட்டுவிட்டதென்று நினைத்து நீ கிளினிக்கையே மூடிவிட்டாயாம். மாப்பிள்ளை முதன்முறையாக எனக்குப் போன் செய்து சொன்னார்.

நேற்று நரம்பு மருத்துவர் என் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்தார். தலைக்குள் மேகங்கள் மிதப்பதுபோல் இருந்தது.

"பல்லை அடைச்சது உயரமா இருந்தாலும் வலிக்கும், சீழ் பிடிச்சாலும் வலிக்கும். உங்களுக்கு ரெண்டும் இல்லம்மா. ஒரு ரத்தக்குழாய் முகத்து நரம்பை அழுத்துது. பல் அடைக்கிறதுக்கு முன்னாடியே இந்த வலி வந்துச்சா?"

வந்தது. முகம் கழுவும்போது இரண்டு முறை. உன்னிடம் அதைச் சொல்லவில்லை. சொன்னால் வேறு மருத்துவரிடம் அனுப்பிவிடுவாயே!

உன் கல்யாணத்துக்கு நான் வராமல் போய், நமக்குள் பேச்சு நின்று ஆறு வருஷம் ஆகிறது. ஒரு சின்னச் சொத்தையைச் சாக்காக வைத்துத்தான் உன் வாசலுக்கு வந்தேன். நாற்காலியில் சாய்ந்ததும் உன் விரல்கள் என் தாடையைத் தாங்கின. வெதுவெதுப்பான தண்ணீரில் மிதப்பதுபோல் கண்ணை மூடிக்கொண்டேன். "அவ்ளோதாம்மா, முடிஞ்சிருச்சு" என்றாய். அதற்குள்ளாகவா என்றிருந்தது.

உன் கையில் ஒரு குறையும் இல்லை. மாத்திரையிலேயே எனக்கு வலி குறைகிறது. நாளைக்குக் கிளினிக்கைத் திற. நான் வருகிறேன், இந்த முறை பல்லைக் காட்ட அல்ல.

அம்மா