எத்தனை மணிக்குப் படுத்தீர்கள்?

காக்கா,

உங்கள் தங்கச்சி நான் இன்று பெருநாள் உடுப்பு எடுக்கப் போனேன். விரித்துக் காட்டிய சாரத்தில் புதுக் கஞ்சி வாசம். புடவைக் கடை வேலை முடிந்து வரும் உங்கள் சேர்ட்டிலும் இதே வாசம்தான் இருக்கும். கடைக்காரர் சிரித்துச் சிரித்துப் பேசினார். இவர் நேற்று நித்திரை கொண்டாரா என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. இது உங்களால் எனக்கு வந்த பழக்கம்.

நோன்பு மாதத்தில் காத்தான்குடிப் புடவைக் கடைகள் விடியுமுன் சாப்பிடும் சஹர் வரை திறந்திருக்கும். நீங்கள் இரவைப் பகலாக்கி ஓடித் திரிவீர்கள். ஓரிரு மணித்தியாலம்தான் கண் மூடுவீர்கள், அலுப்பே தெரியாது. பேச்சு, தர்மம், ஓதல் எல்லாம் கூடிக்கொண்டே போகும். நோன்பின் பறக்கத், அல்லாஹ்வின் அருள் என்று உம்மா பூரித்துப் போனார். பெருநாள் கழிந்ததும் பாயை விட்டு எழும்பாமல் கிடப்பீர்கள். உழைத்த களைப்பு என்றோம். இப்படி மூன்று வருட நோன்பு போன பிறகுதான் மட்டக்களப்பு டொக்டர் அதற்கு இருமுனைக் கோளாறு என்று பெயர் சொன்னார். உடம்புக்குள் ஓடும் மணிக்கூடு குழம்பினால் இவருக்கு மனமும் குழம்பும், மனம் குழம்பப் போவதும் சில வேளை நித்திரையில்தான் முதலில் தெரியும் என்றார். மருந்தோடு, தினமும் ஒரே நேரத்தில் படுத்து எழும்பவும் சொன்னார்.

அன்றிலிருந்து நான் உங்களுக்குப் பொலிஸ். பாட்டு முணுமுணுத்தால் மாத்திரை அட்டையை எடுத்து எண்ணினேன். நீங்கள் பகல் வேலைக்கு மாறி, வருடக்கணக்கில் நன்றாக இருந்தீர்கள். அந்த நன்றாக இருப்பதைக்கூட நான் நம்பவில்லை.

உங்கள் மகளுக்கு வந்தாறுமூலை கெம்பஸில் படிக்க இடம் கிடைத்த அன்று, வாவிக்கரையில் ஒரு பெரிய கொடுவா வாங்கிக்கொண்டு, தெருவுக்கே கேட்கச் சிரித்தபடி வந்தீர்கள். வாசலிலேயே மறித்தேன்.

"காக்கா, ராவு எத்தின மணிக்குப் படுத்தீங்க?"

மீனை என் கையில் தந்தீர்கள்.

"பத்துக்குப் படுத்தன், அஞ்சுக்கு எழும்பினன். இது டொக்டர் சொன்ன அந்த வருத்தமில்ல தங்கச்சி, சந்தோசம். எனக்கும் அது வரும்தானே."

அப்போதும் நான் விடவில்லை. குசினிக்குள் போய் மதினியிடம் விசாரித்தேன். நீங்கள் சொன்ன மணி சரியாகவே இருந்தது. திரும்பி வந்து அதை உங்களிடம் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. பிறகு சொல்லலாம் என்று விட்டேன். அந்தக் கிழமையே மாரடைப்பில் மௌத்தாகிவிட்டீர்கள்.

நான் காவல் இருந்தது பிழை என்று இப்போதும் சொல்ல மாட்டேன். அதனால்தான் பல வருடம் நிம்மதியாக வேலைக்குப் போய் வந்தீர்கள். ஆனால் நான் பார்த்த உங்கள் கடைசிச் சிரிப்பு அது, காக்கா. அதை நான்தான் நிறுத்தினேன்.