வள்ளப் பட்டியல் திறக்காத நாள்

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உன் அண்ணன் எங்கள் ஊர் கொட்டாரத்துக்கு வந்திருந்தார். ஆட்டோவிலிருந்து ஒரு கம்ப்யூட்டரைத் தூக்கி வந்து, சுற்றியிருந்த போர்வையை அவிழ்த்து, எங்கள் வீட்டு மேசை மேல் வைத்தார். உன் கடை மூலையில் ஓடிக்கொண்டிருந்த கறுப்புப் பெட்டி. பக்கத் தகட்டைக் கழற்றியதும் அந்த வாடை வந்தது. உப்புக்காற்று தின்ற இரும்பும் தூசியும், எங்கோ கொஞ்சம் கருவாடும் கலந்த வாடை. உன் கடைக்குள் கால் வைக்கும்போதெல்லாம் முகத்தில் வந்து மோதுவது. நீ போய் எட்டு மாதம் ஆகிறது. உன் அடக்கத்தன்றுகூட நான் இப்படி அழவில்லை. உன் அண்ணன் என்ன செய்வதென்று தெரியாமல் திருகாணியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

அவர் சொல்லிவிட்டுப் போன ஒரு விஷயத்துக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஆனால் அதை மட்டும் தனியாக எழுத முடியவில்லை. முதலிலிருந்து சொல்லிக்கொண்டு வந்தால்தான் எனக்கே பிடிபடும் போலிருக்கிறது.

நாகர்கோவில் பக்கத்துப் பொறியியல் கல்லூரியில் நாலு வருடம் நீயும் நானும் ஒரே பெஞ்சு. நான் வயல்காரர் வீட்டுப் பெண், நீ கடலில் மீன் பிடிக்கிற வள்ளக்காரர் வீட்டுப் பெண். இரண்டு பேருக்கும் திருவனந்தபுரத்தில் ஒரே நிறுவனத்தில் வேலை கிடைத்தது. உன் அப்பா படுக்கையில் விழுந்ததால் நீ போகவில்லை. நான் போனேன். நீ உங்கள் ஊரிலேயே கோயிலுக்குப் போகிற சாலையில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடை திறந்தாய். கூடவே மென்பொருள் உலகத்துச் செய்திகளைப் பற்றித் தமிழில் ஒரு வலைப்பூ எழுத ஆரம்பித்தாய். வளைகுடாவில் வேலை பார்க்கும் நம் ஊர்க்காரர்கள்தான் அதற்கு முதல் வாசகர்கள்.

எந்தப் பெரிய நிறுவனத்துக்கும் நீ பயந்து எழுதியதில்லை. இயங்குதளத்தின் புதுப் பதிப்பு பழைய கம்ப்யூட்டர்களை ஏற்றுக்கொள்ளாது என்ற செய்தி வந்த வாரம், உன் கடைக்கு ஆட்கள் நல்ல கம்ப்யூட்டர்களைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள், விற்றுவிடலாமா என்று கேட்டு. நீ ஒவ்வொன்றிலும் பழைய கம்ப்யூட்டரிலும் ஓடுகிற லினக்ஸ் ஏற்றித் திருப்பிக் கொடுத்தாய்.

"நல்லா ஓடுகத எதுக்குட்டி தூக்கிப் போடணும்? கம்ப்யூட்டருக்கா வயசாச்சு? கம்பெனிக்கு அதப் பாத்துக்கிட மனசில்ல, அவ்வளவுதான்," என்றாய் என்னிடம். அதையே கொஞ்சம் மரியாதையான தமிழில் மறுநாள் வலைப்பூவில் எழுதினாய்.

ஆயிரக்கணக்கில் ஆட்களை வேலையைவிட்டு அனுப்பிய நிறுவனத்தின் பங்கு விலை அன்றே ஏறியதைப் பற்றி எழுதினாய். எதைக் கேட்டாலும் பதில் சொல்லும் செயற்கை நுண்ணறிவைப் பற்றி, "தெரியாதுன்னு சொல்லத் தெரியாதவன வள்ளத்துல ஏத்தப்பிடாது" என்று உன் அண்ணன் சொன்னதையே தலைப்பாக்கினாய். நான் அந்த நிறுவனங்களின் பக்கம் வேலை பார்ப்பவள். உன்னோடு சண்டை போடாத வாரமே கிடையாது. சண்டை முடிந்ததும் மீன்குழம்பு ஊற்றிச் சோறு போடுவாய்.

வள்ளப் பட்டியல் உன் எண்ணம். ஒரு புயலின்போது யார் யார் கடலில் இருக்கிறார்கள் என்றே சொல்ல முடியாமல் ஊர் தவித்ததை நீ பார்த்திருந்தாய். எந்த வள்ளம், எத்தனை பேர், எந்தத் திசை, எப்போது திரும்புவார்கள் என்று புறப்படும்போதே பதிந்து வைத்தால் போதும் என்றாய். அவர்கள் உன் போனுக்குக் குரல் செய்தி அனுப்புவார்கள், நீ ஏற்றிக்கொள்வாய். அதை உன் கடைக் கம்ப்யூட்டரிலேயே வைக்கப் போவதாகச் சொன்னாய். நான்தான் வேண்டாம் என்றேன். நாங்கள் வேலை செய்துகொடுத்த வெளிநாட்டு நிறுவனம் ஒன்று இணையத்தில் இலவசமாக அட்டவணை போட்டு வைக்கும் சேவை நடத்திக்கொண்டிருந்தது. அதில் வை என்றேன்.

"ஓசியில தாறவன் ஒரு நாள் கதவ அடைப்பான். அன்னைக்கு நாம வெளிய நிப்போம்."

"உனக்கு எல்லாத்துலயும் சந்தேகம். உன் கடையில கரண்ட் போனா உன் பட்டியலும் போச்சு. இது எங்கயும் போகாது. நான் உள்ளதான இருக்கேன்?"

நீ என்னைப் பார்த்தாய். "நீ இருக்கேன்னு சொல்லுக. சரி."

அந்த நிறுவனத்தை நம்பி நீ சரி என்று சொல்லவில்லை.

மூன்று வருடம் எந்தக் குறையும் இல்லாமல் ஓடியது. பிறகு அந்தச் சேவையை மூடப் போவதாக எங்களிடம் சொன்னார்கள். வெளியே சொல்லக்கூடாது என்று கையெழுத்து வாங்கினார்கள். போட்டேன். மூடுகிற வேலையைச் செய்த குழுவில் நானும் ஒருத்தி. இரண்டு மாதம் கழித்து நிறுவனமே வெளிப்படையாக அறிவித்தது. அதற்குப் பிறகு என் வாயைக் கட்டியது எந்தக் கையெழுத்தும் இல்லை.

அந்த நாட்களில்தான் உனக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது என்று தெரிந்து, நாகர்கோவிலில் ஆஸ்பத்திரியில் கிடந்தாய். நான் மூன்று முறை பார்க்க வந்தேன். ஆரஞ்சு உரித்துக் கொடுத்தேன், உன் அண்ணன் மனைவி, உன் மைனி, செய்த பலகாரத்தைச் சேர்ந்து தின்றோம், என் மேலாளரைப் பற்றிச் சொல்லிச் சிரிக்க வைத்தேன். இதை மட்டும் சொல்லவில்லை. தினமும் காலையில் மென்பொருள் செய்தி படிக்காமல் காப்பி குடிக்காதவள் நீ, உனக்குத் தெரிந்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நீயாகப் பேச்சை எடுத்தால் பேசிக்கொள்ளலாம் என்று இருந்தேன். உண்மையில் எனக்கு வெட்கம். அன்றைக்கு நீ சொன்னதுதான் சரி என்று உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை.

நீ செய்தி படிக்கிற நிலையில் இல்லை. படுக்கையில் இருந்தபடியே போனில் வள்ளங்களை ஏற்றிக்கொண்டிருந்தாய். "மேல மஞ்சளா ஒரு பட்டை வந்துட்டே இருந்துது. புதுசா எதையோ விக்கான்னு நெனச்சு மூடிட்டேன்," என்று பின்னால் சொன்னாய்.

சேவை நின்ற அன்று நீ வீட்டில் இருந்தாய். மத்தியானம் காற்று எச்சரிக்கை வந்தது. பட்டியலைத் திறந்தாய். நன்றி, விடைபெறுகிறோம் என்று ஆங்கிலத்தில் ஒரு பக்கம் வந்தது. எனக்கு போன் செய்தாய். "ஏட்டி, தொறக்க மாட்டுக்கு" என்றாய். நீ சொல்லி முடிக்கும் முன்னே எனக்கு விளங்கிவிட்டது.

நான் அலுவலகத்தில் ஒவ்வொருவரிடமாகப் போய்க் கெஞ்சினேன். தரவு இருந்தது, எடுத்துத் தரத்தான் அனுமதி வேண்டியிருந்தது. அனுமதி மூன்றாம் நாள் வந்தது. நீ அதற்குள் வீங்கிய காலோடு வீடு வீடாக ஏறி இறங்கி, ஒரு நோட்டில் எழுதி, சாயங்காலம் அதிகாரிகள் கையில் பட்டியலைக் கொடுத்துவிட்டாய். முக்கால்வாசி வள்ளங்கள் ஏற்கெனவே பக்கத்துத் துறைகளில் ஒதுங்கியிருந்தன. மீதியும் ஒவ்வொன்றாகக் கரை வந்தன. வராதது உன் அண்ணனுடைய வள்ளம். ஐந்து பேர். வட்டக்கோட்டைக்குக் கிழக்கே வலை போடப் போவதாக உன் மைனி சொன்னார். வழக்கமாக அங்கேதான் போவார்கள். அந்தத் தடவை மேற்கே விழிஞ்ஞம் பக்கம் போகிறோம் என்று, நீ ஆஸ்பத்திரியிலிருந்து வருவதற்கு முந்தின நாள், உனக்கு மட்டும் குரல் செய்தி வந்திருந்தது. நீ அதைப் பட்டியலில் ஏற்றிவிட்டு, போனில் இடமில்லாமல் அழித்திருந்தாய். ஆஸ்பத்திரி மயக்கத்தில் ஏற்றியது எதுவும் உனக்கு நினைவில் இல்லை. கிழக்கே தேடினார்கள்.

மூன்றாம் நாள் கேரளத்துப் படகு ஒன்று கவிழ்ந்த வள்ளத்தையும் அதைப் பிடித்துக்கொண்டிருந்த, உன் அண்ணன் உட்பட, நாலு பேரையும் கண்டது. ஐந்தாவது ஆள், அவர்களில் மூத்தவர், வரவில்லை.

நான் மறுநாள் உன் வீட்டுக்கு வந்தேன். நீ கட்டிலில் இருந்தாய். நான் உட்காரும் முன்னே கேட்டாய்.

"அடைக்கப் போறாங்கன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"ஆஸ்பத்திரிக்கு வந்தியே, அப்பவா?"

"அப்பவும் தெரியும்."

நீ சுவர் பக்கம் திரும்பிக்கொண்டாய். "இப்ப நீ போ," என்றாய்.

மூன்று வாரம் நீ பேசவில்லை. அதற்குள் வலைப்பூவில் அந்தச் சேவை மூடப்பட்டதைப் பற்றி எழுதினாய். பார்த்த உடனே திறந்து படித்தேன். என்னைப் பற்றி ஒரு சொல் இல்லை. கெட்டவர்கள் யாருமே இல்லாத ஓர் அலுவலகத்தில் இது நடந்தது, அதுதான் நாம் பயப்பட வேண்டியது என்று முடித்திருந்தாய். உன் கட்டுரைகளிலேயே சத்தமில்லாத கட்டுரை அது.

பிறகு ஒரு நாள் நீயே கூப்பிட்டாய்.

"அண்ணன்கிட்ட விசாரிச்சேன். அந்தப் பெரியவரு மொத அலையிலயே போயிட்டாராம். நம்ம லிஸ்ட் தொறந்திருந்தாலும் அதுல மாத்தம் ஒண்ணும் இல்ல, கேட்டியா. நீ அத மனசுல வெக்காத. சனிக்கெழம வா, பட்டியல கடைக் கம்ப்யூட்டருக்கு மாத்தணும். எனக்கு ஒத்தைக்கு முடியாது."

சனிக்கிழமை வந்தேன். அதன் பிறகு இரண்டு வருடம், டயாலிசிஸ் இல்லாத நாட்களில், நீ கடையில் இருந்தாய். பட்டியல் உன் கடையில் லினக்ஸில் ஓடியது; தினமும் ஒரு பிரதி அச்செடுத்துக் கோயில் சுவரில் ஒட்டினாய். நாம் பழையபடி சண்டை போட்டோம். நான் வேலையில் நீடித்தேன், பதவி உயர்வும் வாங்கினேன். 'மொத அலையிலயே' என்ற இரண்டு சொல்லை வைத்துக்கொண்டுதான் இதையெல்லாம் செய்தேன். அவை இல்லாவிட்டால் என்னால் முடிந்திருக்காது. அது உனக்குத் தெரிந்திருக்கிறது.

நீ போன பிறகு உன் மைனி பட்டியலைத் தாளில் எழுதிவந்தார். கம்ப்யூட்டர் கடவுச்சொல் கேட்கிறது, திறந்து கொடு என்றுதான் உன் அண்ணன் அதை என்னிடம் கொண்டுவந்தார். நான் அழுது முடித்ததும், அவருக்கு டீ போட்டுக் கொடுத்தேன். ஏதாவது பேச வேண்டுமே என்று கடலில் கிடந்த அந்த மூன்று நாளைப் பற்றி அவராகவே சொல்ல ஆரம்பித்தார்.

"ரெண்டாம் நாள் உச்சி வரைக்கும் அந்தப் பெரியவரு எனக்க கையப் பிடிச்சிட்டுதான் கெடந்தாரு, மக்கா. தண்ணி கேட்டாரு. கடலுக்கு நடுவுல கெடந்துட்டு, தண்ணி கேட்டா நான் எங்க போவேன்?"

"மொத அலையிலயே போயிட்டாருன்னுல்லா…"

"யாரு சொன்னா?"

நான் மேசை மேல் இருந்த உன் கறுப்புப் பெட்டியைப் பார்த்தேன். அவருக்குப் புரிந்துவிட்டது. டீ கிளாசைக் கீழே வைத்து, "அவ அப்பிடியா சொல்லி வெச்சிருந்தா," என்றார். என்னைப் பார்க்காமல் எழுந்து போய் வாசலில் நின்றுகொண்டார்.

முதல் நாள் சாயங்காலமே மேற்கே தேடியிருந்தால் அவரைக் கண்டுபிடித்திருப்பார்களா? யாராலும் சொல்ல முடியாது. ஆனால் தேடியிருப்பார்கள். அந்த மூன்று வாரம் நீ என்னென்ன யோசித்திருப்பாய் என்று இப்போது நினைத்துப் பார்க்கிறேன். தண்ணீர் கேட்ட மனிதரின் கதையை உன் அண்ணனிடம் கேட்டுவிட்டு, அதை உனக்குள் வைத்துக்கொண்டு, என்னைச் சனிக்கிழமை வரச் சொன்னாய். எத்தனை நிறுவனங்களின் பூசி மெழுகிய அறிக்கைகளைக் கிழித்து எழுதியவள் நீ. உன் வாழ்க்கையில் நீ சொல்லி நான் அறிந்த ஒரே பொய் எனக்காகச் சொன்னது.

நேற்று நான் அந்த அம்மாவைப் பார்க்கப் போனேன், வராமல் போனவரின் மனைவியை. பஸ்ஸில் இரண்டு தடவை இறங்கித் திரும்பிவிடலாம் என்று தோன்றியது. அவர் வீட்டு முன்னால் வெயிலில் மீன் காய்ந்துகொண்டிருந்தது. நான் யார் என்று சொன்னேன். நான்தான் அந்த இடத்தில் பட்டியலை வைக்கச் சொன்னது, அடைக்கப் போகிறார்கள் என்று முன்னமே தெரிந்தும் சொல்லாதது, எல்லாவற்றையும் நிறுத்தாமல் சொல்லி முடித்தேன்.

அவர் வெகு நேரம் காக்கையை விரட்டிக்கொண்டிருந்தார்.

"தண்ணி கேட்டாருங்கது எனக்குத் தெரியும். கூடப் போனவிய வந்து சொல்லிட்டாவ. நீ சொன்னது இதுவரைக்கும் தெரியாது," என்றார். பிறகு, "இப்பத் தெரிஞ்சாச்சு," என்றார்.

பரவாயில்லை என்று அவர் சொல்லவில்லை. எழுந்து போ என்றும் சொல்லவில்லை. நான் இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். புறப்படும்போது அவர் என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார், தன் கணவருடைய பெயர் எனக்குத் தெரியுமா என்று. எனக்குத் தெரியவில்லை. உன் பட்டியலில் ஐந்தில் ஒன்றாகத்தான் அவரை அறிந்திருந்தேன். அந்த அம்மா சொன்னார். நான் திருப்பிச் சொன்னேன். சரியாகச் சொல்கிறேனா என்று பார்த்துவிட்டு, இன்னொரு தடவை சொல்லச் சொன்னார்.

அந்தப் பெயரோடுதான் இப்போது வேலைக்குப் போய் வருகிறேன்.