ராகுகாலத்தில் ஒரு ஃபர்ம்வேர் அப்டேட்

பங்காளி,

இன்று காலை நம் ஸ்டூடியோ கம்ப்யூட்டரில் அந்த வரி மறுபடி வந்தது: "அப்டேட் முடியும்வரை மின்சாரத்தை நிறுத்த வேண்டாம்." சுவிட்ச் பக்கம் யாரும் போகாதபடி நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். நீ கண்ணை மூடி நான்கு மாதம் ஆகிறது. இருந்திருந்தால் என் முகத்தைப் பார்த்துச் சிரித்திருப்பாய்.

அன்றைக்கு நாம் அடித்த கூத்து அப்படி. கல்யாணப் படங்களைச் சேமித்துவைக்கும் டிரைவ், அவற்றை ஏற்றும்போதெல்லாம் திணறியது. அதை உள்ளிருந்து இயக்கும் ஃபர்ம்வேரைப் புதுப்பிக்கச் சொன்னார்கள், வாங்கிய கடையில். நான் காலண்டரில் நல்ல நேரம் பார்த்தேன். நீ பத்தி கொளுத்திவைத்து, பத்தரைக்குச் சரியாகப் பட்டனை அமுக்கினாய். அன்று கம்பம் ஊர் முழுக்கப் பராமரிப்புக்காகக் கரண்ட்டை நிறுத்தப்போவதாகப் பேப்பரில் போட்டிருந்ததை இருவருமே பார்க்கவில்லை. யுபிஎஸ் பேட்டரியும் செத்துக் கிடந்தது. பாதியில் எல்லாம் அணைந்தது. டிரைவ் பிறகு எழவேயில்லை. ஓடைப்பட்டி திராட்சைத் தோட்டக்காரரின் மூத்த மகள் கல்யாணப் படம் அதோடு போயிற்று. வேறு நகல் கிடையாது.

"போன்ல சொல்லிருவோம்டா" என்றேன். "ஏலே, மூஞ்சியப் பாத்துச் சொல்லணும்" என்று பைக்கை எடுத்தாய். பெண்ணின் அம்மா அழுதுவிட்டார். கிளம்பும்போது தோட்டக்காரர், "சாக்குச் சொல்லாம நேர்ல வந்து நின்னீக. சின்னவ கல்யாணத்துக்கும் நீங்களே வாங்கய்யா" என்றார்.

அந்தச் சின்னவள் கல்யாணம்தான் இப்போது இந்தப் புது டிரைவில் இருக்கிறது. நீ கடைசியாக எடுத்த படம். கேமரா கார்டை அழித்துவிட்டேன், திட்டாதே. இதுவும் திணற ஆரம்பித்ததும் எனக்குத் தூக்கம் போயிற்று. நகல் எடுக்கையில் இரண்டு தடவை பாதியில் நின்றது. மூன்றாம் தடவை முழுதாக வந்தது. அதைத் திறந்து, தாலிகட்டிலிருந்து மறுவீடு வரை ஓட்டிப் பார்த்தேன். நம் டிரைவுக்கு உரிய அப்டேட்தானா என்று மாடல் எண்ணைச் சரிபார்த்தேன். யுபிஎஸ்ஸில் புது பேட்டரி. மின்வாரியத்தில் கேட்டதற்கு, "இன்னைக்குக் கட் இல்லீங்க" என்றார்கள். மற்ற எல்லாவற்றையும் மூடிவிட்டு அமுக்கினேன். அப்புறம்தான் காலண்டரைப் பார்த்தேன். ராகுகாலம்!

கம்ப்யூட்டர் அணைந்து மறுபடி எழுந்தது. படம் தங்குதடையின்றி ஓடியது. நடுவில் உன் சத்தம்: "மாப்ள, என்னைய என்னத்துக்குப் பாக்குறீக? அங்கன பொண்ணப் பாருங்க!" பெண் குலுங்கிச் சிரிக்கிறாள். "என் சத்தத்த வெட்டிரு" என்று எப்போதும் சொல்வாயே, எனக்கு மனசு வரவில்லை.

சாயங்காலம் படத்தோடு ஓடைப்பட்டிக்குப் போய், உன் சத்தத்தை வெட்டவில்லை என்பதையும் நேரிலேயே சொன்னேன். தோட்டக்காரர் அந்த இடத்தை இரண்டு முறை போடச் சொன்னார்.

"இருக்கட்டும்யா" என்றார். "அவுக சொல்லித்தான எம் மக சிரிச்சா."