வியாழனைப் பார்த்த கருவி

முருகேசு, என் செல்லத் தம்பி,

நீ கடலுக்குப் போன அன்று நான் பெங்களூரில் இருந்தேன். வியாழன் கிரகத்தைக் கடந்துபோன விண்கலத்தின் அளவீடுகள் அந்த வாரம்தான் எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு வந்திருந்தன. அந்தக் கிரகத்தின் உச்சிக் காற்றில் ஹைட்ரஜன் புற ஊதா ஒளியாக மினுங்குகிறது, துருவங்களில் இன்னும் அதிகமாக. நம் கண்ணுக்கு அது தெரியாது. நம் காற்றும் அதைக் கீழே விடாது. அந்தக் காற்றைத் தாண்டிப் போய்த்தான் பார்க்க வேண்டும்.

பொங்கலுக்கு வந்தபோதே, இந்த ஒளியைப் பார்க்க ஒரு கருவி போய்க்கொண்டிருக்கிறது என்று உன்னிடமும் அம்மாவிடமும் சொன்னேன். "கண்ணுக்கே தெரியாததுக்கு வெளிச்சம்னு இன்னாத்துக்குண்ணே பேரு?" என்று கேட்டாய். பதில் சொன்னேனா? ஞாபகமில்லை.

தந்தி கிடைத்துக் கோட்டைக்குப்பம் வந்தேன். உன் கட்டுமரம், ஏரி கடலில் கலக்கும் முகத்துவாரத்துக்கு வடக்கே மணலில் கவிழ்ந்து கிடந்தது. உன்னைக் காணவில்லை. ஊரே தேடியது. பிறகு ஒவ்வொருவராகத் தொழிலுக்குத் திரும்பிவிட்டார்கள், அவர்களும் என்ன செய்வார்கள். நான் மட்டும் சித்தப்பாவின் படகை வாங்கிக்கொண்டு இன்னமும் தினம் போகிறேன்.

அம்மா உனக்குச் சோறு எடுத்து வைக்கிறாள். பிள்ளைத்தாய்ச்சியாக இருக்கும் உன் செல்வியின் தலையில் தானே பூ வைத்துவிடுகிறாள். காரியம் செய்வது பற்றிப் பேச வந்த பெரியவர்களை வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டாள்.

நேற்று அம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"நைனா, அந்த மிஷினு எங்கியோ இருக்கற கெரகத்துல கண்ணுக்குத் தெரியாததெல்லாம் பாக்குதுன்னியே. இங்க ஏரி வாயில எம்புள்ளையக் கொஞ்சம் பாக்கச் சொல்லேன்."

"அதால முடியாதும்மா."

"எழுதிக் கேளுடா. நீ படிச்சவன்தான?"

எழுந்து கரைக்குப் போய்விட்டேன். யாருக்காவது எழுதித்தான் பார்ப்போமா என்று உண்மையிலேயே நினைத்தேன், முருகேசு. அவ்வளவு புத்தி கலங்கி நிற்கிறேன். அத்தனை தூரத்து மினுக்கத்தைக் கணக்குப் போட எனக்குத் தெரிகிறது. நீ எங்கே கிடக்கிறாய் என்று தெரியவில்லை. ஒரு கரையில் ஒதுங்கக் கூடாதா நீ?

இன்று மதியம் செல்வி வாய் திறந்தாள். நீ போன பிறகு அவள் பேசியது இதுதான்.

"மாமா, அத்தை என்னை அழக்கூட வுடமாட்டேன்றாங்க. நீங்களாவது சொல்லுங்க, அவரு இல்லேன்னு."

அந்த வார்த்தையை இந்த வீட்டில் இதுவரை யாரும் சொல்லவில்லை. இந்தக் கடிதத்தில் நானும் சொல்லாமல் சுற்றிச் சுற்றி வருகிறேன், பார்த்தாயா?

நாளைக் காலையில் அம்மாவை உட்கார வைத்து, நீ செத்துப்போய்விட்டாய் என்று நானே சொல்லிவிடுவேன். அவள் என்னை அடிக்கட்டும், மண்ணை வாரித் தூற்றட்டும். செல்வி அழட்டும். அவளுக்குப் பிரசவமாகி எழுந்து உட்காரும்வரை நான் இந்த ஊரைவிட்டுப் போக மாட்டேன். இது உனக்கு நான் தரும் வாக்கு, தம்பி.

இனி அம்மாவுக்கு ஒற்றைப் பிள்ளையாகிப்போன
உன் அண்ணன்