ஏரித் தண்ணீர் போட்ட கோடு

3.8.87, திங்கள்
பக்கத்து வீட்டுச் சுவரில் ஒரு பழுப்புக் கோடு. என் முழங்காலுக்கு மேலே. நல்ல வெயில். கோவில்பதாகையில் வீடு கட்டும் எங்கள் மனையில் கொத்தனார்களுக்கு டீ கொண்டுபோனபோது பார்த்தேன். அந்த வீட்டு அக்கா, "ரெண்டு வருஷம் முன்னாடி ஏரித் தண்ணி வந்துச்சு பாப்பா. எத்தினி வாட்டி சுண்ணாம்பு அடிச்சாலும் தெரியுது" என்றார்.

அதே மழைதான். அப்போது நாங்கள் இருந்த கரையான்சாவடி வாடகை வீட்டிலும் கட்டில்வரை தண்ணீர். அம்மாவுக்குக் காய்ச்சல். வீட்டைக் கவனிக்க நின்றேன். ஒன்பதாவது படிப்பு அதோடு போனது.

வாங்க வேண்டியது: கறுப்பு நூல், ஊசி, மண்ணெண்ணெய்.

4.8.87
அப்பாவின் பிளானில் தரைமட்டம் ரோட்டுக்கு மேல் ஒன்றரை அடி. கோடு அதைவிட உயரம். எனக்குச் சொல்ல வரவில்லை. அம்மாவிடம் சொன்னேன், அம்மா அப்பாவிடம்.

"இன்னும் ஒசத்தினா ஸ்கூட்டர யாரு தூக்கி வெப்பா? இவளா?"

அண்ணன், "ஸ்கூட்டர் எதுக்குப்பா, படகு வாங்கிடலாம்" என்றான். ஒரே சிரிப்பு. நான் பாத்திரம் தேய்க்கப் போய்விட்டேன்.

அண்ணனுக்குக் கல்யாணமானால் மாடி வேண்டுமாம். தூண் கம்பிகளை மேலே நீட்டி விடப்போகிறார்கள். பெண்ணே பார்க்கவில்லை. வராத அண்ணிக்கு இடம் இருக்கிறது. ஒரு தடவை வந்துவிட்டுப் போன தண்ணீரை யாரும் நினைக்கவில்லை. வந்தால் அள்ளிக் கொட்டப்போவது நான்தானே.

6.8.87
தூறல். பிளவுஸ் இரண்டு தைத்து முடித்தேன்.

தெருமுனைப் பழைய வீட்டுக்கு இரண்டு படி இறங்கித்தான் போகவேண்டும். முன்பு ஏறிப் போவார்களாம். மேஸ்திரி சொன்னார்: "ரோடு போட்டுகினே இருந்தா ரோடுதான் ஏறும். வூடா ஏறும்?"

தெரிந்துதான் கட்டுகிறார். அப்பாவிடம் சொல்லக்கூடாதா என்றேன்.

"ஓனர் சொல்றாரு, நான் கட்றேன். நீ சொல்லேன், உங்க நைனாதான."

எல்லாருக்கும் தெரியும். யாரும் வாய் திறக்கமாட்டார்கள். ஆத்திரத்தில் சோற்றைக் குழைத்துவிட்டேன்.

8.8.87, சனி
மட்டம் பார்க்கும் நாள். அப்பா பக்கத்து வீட்டுச் சுவரிலேயே ஒன்றரை அடி அளந்து சாக்பீஸால் கோடு போட்டார். பழுப்புக் கோட்டுக்குக் கீழே. கண்ணுக்கு நேராக இருந்தும் அவருக்குத் தெரியவில்லை.

சித்தாள் வரவில்லை. தண்ணீர் நிரப்பிய டியூபின் ஒரு முனையை என்னிடம் கொடுத்து, சாக்பீஸ் கோட்டருகே பிடிக்கச் சொன்னார்கள். மறுமுனை எங்கள் மனையில், மேஸ்திரி கையில். என் பக்கம் தண்ணீர் எந்தக் கோட்டில் நிற்கிறதோ, அதே உயரத்தை அவர் அங்கே முளைக்கம்பில் குறிப்பார். அவர் தன் முனையைத் தூக்கினால் என் பக்கம் தண்ணீர் ஏறும். அவர் குறிப்பதுதான் வீட்டின் தரை.

"தண்ணி கோட்ல நின்னுச்சா பாப்பா?"

அப்பா ஸ்கூட்டரில் சாய்ந்து என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். தாவணி நுனியால் சாக்பீஸ் கோட்டைத் துடைத்தேன். பழுப்புக் கோட்டுக்கு ஒரு சாண் மேலே விரலை வைத்தேன்.

"இல்லண்ணே. இன்னும் ஏத்துங்க" என்றேன், தெருவுக்கே கேட்கும்படி.