மாமன் குடலுக்குப் போற ஜெல்

அம்மாவுக்கு மோகனப்பிரியா எழுதறதுங்க. ஒசாகாவுல நான் நல்லா இருக்கறேன். உங்களுக்கு முட்டிவலி தேவலைங்களா? அப்பா நேரத்துக்குச் சாப்பிடறாருங்களா?

உங்க தம்பி குடல்ல இருக்கற கட்டிய எடுக்க டாக்டர் ஒரு ஜெல் பேரு சொன்னாருன்னு போன்ல சொன்னீங்களே, அது எங்க லேப்ல நாங்க செஞ்சதுங்க. கட்டிக்கு அடியில ஊசி போட்டு ஏத்துனா, அப்பளம் உப்பற மாதிரி அதை மேல தூக்கி நிறுத்தும். குடல் ஓட்டையாகாம அறுத்து எடுத்துருவாங்க, வயித்தைக் கிழிக்க வேண்டியதில்லை. பயப்படாம போகச் சொல்லுங்க.

இதைப் போன்லயே சொல்லியிருப்பேன். நீங்க ஸ்பீக்கர்ல போட்டுப் பேசறீங்க, மாமன் பக்கத்துலயே உக்காந்திருக்காரு.

அன்னூர்ல இருந்து என்னைப் பொண்ணு பாக்க வந்தவங்க முன்னாடி, தாய்மாமன்னு நடுவுல உக்காந்துட்டு, "இவ பீக்குடலுக்குப் பசை காய்ச்சறவ"ன்னு சிரிச்சாரு. அவங்க காப்பியைக் கூடத் தொடாம எந்திரிச்சுப் போனாங்க. நான் மறக்கலைங்கம்மா.

ஜெல் நான் செஞ்சதுன்னு இப்ப மூச்சு விடாதீங்க, வீம்புக்கு வேண்டாம்பாரு. எல்லாம் முடிஞ்சு ஊட்டுக்கு வந்ததும், சொந்தக்காரங்க பழத்தோட பாக்க வருவாங்கல்ல, அந்தக் கூட்டத்துல வெச்சுச் சொல்லுங்க.

இதைக் கொண்டுவர்ற ஹரிதா என் ரூம்லதான் இருக்கறா. அவ திரும்பறப்ப கொள்ளு குடுத்துவிடுங்க. நான் ஒருத்தி சாப்பிடறதுக்குத்தான், கொஞ்சம் போதும். அவளுக்குக் கார் வந்திருச்சு, முடிச்சுக்கறேன்.

அவரு சாகக் கூடாதுங்கம்மா. நூறு வயசு இருந்து, ஒவ்வொரு வேளையும் சோத்துல கை வெக்கறப்ப என்னை நெனைக்கோணும்.

மோகனப்பிரியா