இருபத்து மூன்று துண்டுத் தாள்கள்

அன்புள்ள பசைக்கு,

கத்தரி எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் சுகம், என் ஒருவனைத் தவிர. அங்கே நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கவே கூச்சமாக இருக்கிறது. இரண்டு வருடமாக நம் காமிக்ஸ் சங்கத்துக்கு மாதம் தவறாமல் எழுதுகிறீர்கள். பதில் எழுதுவது டாக்டரம்மா. நான் அடியில் இரண்டு வரி கிறுக்கிக் கையெழுத்துப் போடுவதோடு சரி. தனியாக உங்களுக்கு நான் எழுதும் முதல் கடிதம் இதுதான். பல் டாக்டரம்மாவுக்கும் தபால்கார அண்ணனுக்கும் இதில் பங்கில்லை. அண்ணன் கையால் பெட்டியில் சேரும், அவ்வளவுதான். பிரித்துப் படிக்க மாட்டேன் என்று சத்தியம் செய்திருக்கிறார்.

போன மாதம் நீங்கள் எழுதியதைப் படித்தோம். ஜப்பான் கம்பெனியில் உங்கள் ஒப்பந்தத்தை இன்னும் ஐந்து வருடத்துக்கு நீட்டுகிறார்களாம், இந்த மாதக் கடைசிக்குள் கையெழுத்துப் போட வேண்டுமாம், பெரும்பாலும் போட்டுவிடுவீர்களாம். கூடப்பிறந்த அண்ணன் குடும்பமும் வேறு ஊருக்குப் போய்விட்டது, திரும்பி வந்தால் அங்கே எனக்கு யார் இருக்கிறார்கள் என்று கேட்டிருந்தீர்கள். அந்த வரியை டாக்டரம்மா சத்தமாகப் படித்துவிட்டுக் கடிதத்தை மடித்து என் கையில் கொடுத்தார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. நாங்கள் மூன்று பேர் குத்துக்கல் மாதிரி உட்கார்ந்திருக்கிறோம், இந்தம்மாவுக்கு யாரும் இல்லையாமே என்று வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே வீட்டுக்குப் போனேன். அப்போது எனக்கு ஒன்றும் தெரியாது.

முதலில் சங்கத்துச் செய்தியைச் சொல்லிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்று மணி, பூட்டியிருக்கும் பல் ஆஸ்பத்திரியின் காத்திருக்கும் அறை, அதே நீல நாற்காலிகள். எதுவும் மாறவில்லை. நீங்கள் உட்காரும் ஜன்னலோர நாற்காலியில் இப்போது பிஸ்கட் டப்பாவை வைக்கிறோம். டாக்டரம்மாவின் பழைய புகாரும் அப்படியே இருக்கிறது. ஜப்பானியக் காதல் காமிக்ஸ் இத்தனை படித்தாயிற்று, ஒருத்திக்காவது ஒரு சொத்தைப் பல் உண்டா, ராத்திரியும் பகலும் கேக் தின்கிறாளே என்கிறார். தபால்கார அண்ணன் போன வாரமும் அழுதார். இந்த வருடம் ஓய்வு பெறப்போகிற மனிதர், பதினேழு வயதுப் பையனுக்குக் காதல் கைகூடவில்லை என்று மூக்கை உறிஞ்சுகிறார்.

கத்தரி என்று பெயர் வாங்கிக் கொடுத்த என் வாயும் குறையவில்லை. கண்ணுக்குள் எதற்கு நாலு நட்சத்திரம்? நாயகன் திரும்பிப் பார்த்தால் பின்னால் யார் வீட்டு ரோஜாப்பூ வந்து கொட்டுகிறது? மனதில் இருப்பதைச் சொல்ல வாயெடுத்தால் உடனே எப்படி மழை பிடித்துக்கொள்கிறது? நாயகி மேல் இரண்டாவதாக ஆசைப்படுகிறவன் எவ்வளவு நல்லவனோ அவ்வளவு நிச்சயமாகத் தோற்க வேண்டும் என்று எந்தச் சட்டத்தில் எழுதியிருக்கிறது? எல்லாம் நான் பழையபடி கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். எதிர்த்துப் பேச ஆளில்லாததால் கேட்பதில் ருசி இல்லை. நீங்கள் இருந்தால், உங்களுக்கு அவ்வளவு கஷ்டமா இருந்தா எதுக்கு முதல் ஆளா வந்து உட்கார்றீங்க என்று கேட்பீர்கள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

நம் சலூன் கதை ஆங்கிலத்தில் அச்சாகி வந்துவிட்டது. டாக்டரம்மா பதினாலு பாகத்தையும் வரவழைத்தார். பதினோராவது பாகத்தோடு நீங்கள் விட்டுவிட்டுப் போன கதையாயிற்றே, முடிவு தெரிய வேண்டாமா? முதலிலிருந்து மறுபடி ஆரம்பித்தோம். அம்மாவின் சலூனில் முடி வெட்டுகிற பதினேழு வயதுப் பள்ளிக்கூடத்துப் பெண், முடி வளர்வதற்கு முன்னாலேயே முடி வெட்டிக்கொள்ள வருகிற நெட்டையன், வாயைத் திறந்தால் இரண்டு பேருக்கும் முத்து உதிர்ந்துவிடும். நான் மட்டும் நீங்கள் பேச்சு பலூன் ஒவ்வொன்றுக்கும் தாளில் தமிழ் வசனம் எழுதி, வெட்டி, மேலே ஒட்டிக் கொடுத்த பழைய ஜப்பானியப் புத்தகங்களையும் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். ஒப்பிட்டுக் குறை சொல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது என்பது உங்களுக்குத் தெரியும்.

ஆறாவது பாகத்தில் மாட்டியது. நெட்டையன் போன பிறகு அவள் தரையில் கிடக்கும் முடியைக் கூட்டுகிற பக்கம். உங்கள் புத்தகத்தில் அவளுக்கு ஒரு வசனம் இருந்தது. ஆங்கிலத்தில் பலூனுக்குள் வெறும் புள்ளிகள். ஏழாவது பாகத்தில் நாலு இடம். எட்டில் ஐந்து. எனக்குத் தலைக்கேறிவிட்டது. பசை கண்ணை நோகடித்து எழுதிய வசனங்களை இந்தத் தடிப்பயல்கள் அப்படியே முழுங்கிவிட்டார்களே என்று, பாகம், பக்கம், கட்டம் எல்லாம் போட்டுப் பதிப்பகத்துக்கு இரண்டு பக்கம் எழுதினேன். வாசகனை ஏமாற்றலாமா என்று முடித்திருந்தேன். டாக்டரம்மா, வேணாம், விட்டுடுங்க என்று மூன்று தரம் சொன்னார். ஏன் சொன்னார் என்று ஒரு தரமாவது யோசித்தேனா?

போன செவ்வாய்க்கிழமை பதில் வந்தது. ரொம்ப மரியாதையான பதில். மூலப் பக்கங்களின் நகலையும் இணைத்திருந்தார்கள். மூலத்திலும் அந்த பலூன்களில் புள்ளிகள் மட்டுமே, நாயகி அந்த இடங்களில் எதுவும் பேசுவதில்லை, தாங்கள் படித்தது எந்தப் பதிப்பு என்று தெரிவித்தால் நன்றாக இருக்கும் என்று கேட்டிருந்தார்கள்.

ஞாயிறு வரைக்கும் எனக்குப் பொறுக்கவில்லை. லிப்ட் பழுது பார்க்கிற வேலையைச் சீக்கிரம் முடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். டாக்டரம்மா ஒரு வார்த்தை கேட்காமல் பஞ்சும் இடுக்கியும் எடுத்துக் கொடுத்தார். பல் பிடுங்க வந்தவர்கள் வரிசையாக உட்கார்ந்து வேடிக்கை பார்க்க, நான் மூலையில் உட்கார்ந்து தாளை நனைத்து, ஊறவிட்டு, ஒவ்வொன்றாக உரித்தேன். உங்கள் பசை லேசுப்பட்டதில்லை. உரித்த இடத்தில் எல்லாம் புள்ளி, புள்ளி, புள்ளி. மற்ற வசனங்களை ஆங்கிலத்தோடு ஒப்பிட்டேன், ஒரு சொல் கூட்டிக் குறைக்கவில்லை நீங்கள். அவள் பேசாமல் நின்ற இடங்களில் மட்டும் நீங்கள் பேசியிருக்கிறீர்கள். ஆறாவது பாகம் முதல் பதினொன்று வரை மொத்தம் இருபத்து மூன்று.

அந்த முடி கூட்டுகிற பக்கத்தில், "அடுத்த தடவை வரைக்கும் காத்திருக்கணுமா? சும்மாவே வரலாமே" என்று ஒட்டியிருந்தீர்கள். நான் அன்றைக்கு என்ன சொன்னேன் என்று நினைவிருக்கிறதா? எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பள்ளிக்கூடத்துப் பெண் மாதிரியா பேசுகிறாள், முப்பது வயதுக்காரி பஸ் நிறுத்தத்தில் நின்று புலம்புகிற மாதிரி இருக்கிறது என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நீங்களும் சிரித்தீர்கள். அன்று சாயங்காலம் வழக்கம்போல பஸ் நிறுத்தத்தில் உங்களோடு அரை மணி நேரம் நின்றேன். உங்களுக்கு அப்போது முப்பத்தொன்று.

எட்டாவது பாகத்தில், "பேசிக்கிட்டே இருக்கீங்களே, என்னைக் கொஞ்சம் பாருங்களேன்" என்று இருந்தது. அதைத்தான் நான் வாயால் அதிகம் கிழித்தேன். நெட்டையன் மூன்று பக்கமாக வாயே திறக்கவில்லை, இவள் என்னவோ அவன் ஓயாமல் பேசுகிறான் என்கிறாள், கதை எழுதினவருக்குத் தன் கதையே மறந்துபோயிற்று, இதைவிட அப்பட்டமான ஓட்டையை நான் பார்த்ததில்லை என்று கால் மணி நேரம் பேசினேன். கால் மணி நேரம்! ஓயாமல் பேசுகிறவன் யார் என்று அந்த அறையில் என்னைத் தவிர எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது.

பதினோராவது பாகத்தை எழுதவே கை வரமாட்டேன் என்கிறது. "போக வேண்டாம்னு ஒரு வார்த்தை சொன்னா இருந்துடுவேன்." சலூன்காரி எங்கேயம்மா போகிறாள், பெட்டி கட்டினாளா, டிக்கெட் வாங்கினாளா, திடீரென்று இது எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். நீங்கள் புத்தகத்தை மூடிவிட்டு, ஜப்பானில் மொழிபெயர்த்துச் சொல்லும் துபாஷி வேலை கிடைத்திருக்கிறது, அடுத்த மாதம் கிளம்புகிறேன் என்று சொன்னீர்கள். நான் எழுந்து நின்று கை கொடுத்தேன். நல்ல வாய்ப்பு, விட்டுவிடாதீர்கள் என்றேன். என்னைப் போல ஒரு மடையனை எந்தக் கதையிலும் யாரும் எழுதியதில்லை. எழுதினால் இப்படி ஒருத்தன் இருப்பானா, நம்பும்படியாக இல்லையே என்று நானே சொல்லியிருப்பேன்.

டாக்டரம்மாவிடம் கேட்டேன். எங்க ரெண்டு பேருக்கும் அப்பவே தெரியும், உங்களுக்குத்தான் கதையில தப்புக் கண்டுபிடிக்கவே நேரம் சரியா இருந்துச்சு என்றார். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று சத்தம் போட்டேன். சொல்லக் கூடாதுன்னு பசை கேட்டுக்கிட்டாங்க, அதுவும் இல்லாம, சொல்லியிருந்தாலும் நீங்க மூலம் சரியில்லைன்னுதான் சொல்லியிருப்பீங்க என்றார். தபால் பையோடு உள்ளே வந்த அண்ணன் விஷயத்தைப் புரிந்துகொண்டு, பாக்கெட்டிலிருந்து கைக்குட்டையை எடுத்து என்னிடம் நீட்டினார். முதல் தடவையாக வாங்கிக்கொண்டேன்.

உங்கள் மேலும் எனக்குக் கோபம் இருக்கிறது. அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, பஸ் நிறுத்தத்தில் நேராகச் சொல்லியிருக்கக் கூடாதா? ஒரு பதினேழு வயதுப் பெண்ணின் வாய்க்குள் ஒளிந்துகொண்டு சொன்னால், நான் அவளைத்தானே திட்டுவேன்? இப்படிக் கேட்டுவிட்டு, நீங்கள் நேராகச் சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்றும் யோசித்துப் பார்த்தேன். பயந்துபோய் லிப்ட்டைப் பற்றி ஏதாவது பேசியிருப்பேன். அதனால் கோபத்தை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

நீங்கள் போன நாளிலிருந்து எனக்கு ஞாயிற்றுக்கிழமை பிடிப்பதில்லை. சங்கத்தில் ஆள் குறைந்துவிட்டது, அதனால்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். உங்கள் பஸ் வரும் நிறுத்தத்தில் இப்போதும் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் போகிறேன். என் வழி எதிர்ப்பக்கம், அங்கே எனக்கு எந்த பஸ்ஸும் இல்லை. கால் பழகிவிட்டது என்று காரணம் வைத்திருந்தேன். எட்டாவது மாடிக்கும் ஒன்பதாவது மாடிக்கும் நடுவில், கையெல்லாம் கிரீஸோடு தொங்கிக்கொண்டிருக்கும்போது ஏதாவது வேடிக்கையாகத் தோன்றினால், இதைப் பசையிடம் சொல்ல வேண்டும் என்றுதான் முதலில் நினைக்கிறேன். மற்றவர்கள் வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொல்வார்கள். இதில் இருக்கிற ஓட்டை மட்டும் என் கண்ணில் படவே இல்லை.

உரித்த தாள்களை எல்லாம் காயவைத்துத் திரும்ப அதே இடங்களில் ஒட்டிவிட்டேன். இரண்டு மூன்று கோணலாகப் போய்விட்டன, மன்னிக்க வேண்டும். ஆங்கிலப் பதிப்பு எனக்கு வேண்டாம், அதை டாக்டரம்மா வைத்துக்கொள்ளட்டும். அந்தச் சலூன்காரியை நான் அநியாயமாகப் பேசிவிட்டேன். உங்கள் புத்தகத்தில் இருக்கிறவள்தான் நல்லவள், வாயைத் திறந்து கேட்டாள்.

இரண்டு வருடம் சின்னக் காலம் இல்லை என்று எனக்குத் தெரியும். அங்கே உங்களுக்கு யாராவது அமைந்திருக்கலாம். அப்படியென்றால் தயங்காமல் எழுதுங்கள், நான் தாங்கிக்கொள்வேன், அண்ணனிடம் கைக்குட்டை நிறைய இருக்கிறது. அப்படி யாரும் இல்லையென்றால், அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். போக வேண்டாம் என்று சொல்லாமல் விட்டவனுக்கு, வந்துவிடுங்கள் என்று கேட்க உரிமை உண்டா தெரியவில்லை. உரிமை இல்லாமல்தான் கேட்கிறேன். வேலையை விட முடியாது என்றால் அதையும் சொல்லுங்கள். அங்கேயும் மாடிகள் இருக்கும், மாடி இருந்தால் லிப்ட் இருக்கும், லிப்ட் இருந்தால் பழுதாகும். பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டிருக்கிறேன். மொழி தெரியாவிட்டால் என்ன, திருப்புளி பிடிக்க எந்த மொழி வேண்டும்?

குளிர் அதிகம் என்று எழுதியிருந்தீர்கள். காதை மூடிக்கொண்டு வெளியே போங்கள். வேளைக்குச் சாப்பிடுங்கள். இந்தக் கடிதத்தில் கோர்வை இல்லை, ஓட்டைகள் நிறைய இருக்கின்றன, நடுவில் வேண்டாத பேச்சும் இருக்கிறது என்று எனக்கே தெரிகிறது. எவ்வளவு குறை வேண்டுமானாலும் சொல்லுங்கள், ஒன்றுக்கும் பதில் பேச மாட்டேன். நேரில் வந்து சொல்லுங்கள்.

என்றும் உங்கள்,
கத்தரி